உருக்கினால் மறந்துவிடுமா?

சென்ற இதழில் பிளாஸ்டிக் மறுசுழற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உருகிய பாலிமரில் படிகம் எப்படித் தொடங்குகிறது என்ற கேள்வி நூறாண்டுக்கு முன்பே தீர்ந்துபோன கணக்கு என்கிறார் கட்டுரையாளர். தண்ணீர் எப்படிப் பனிக்கட்டியாகிறதோ அப்படித்தான் இதுவும், தூசு தும்பு கிடந்தால் அதன்மேல் படிகம் ஒட்டி வளரும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இதற்காகப் பல்கலைக்கழகங்களில் கணினியை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மக்கள் வரிப்பணத்தில் விளையாடுகிறார்களாம். கடைசியில் எங்கள் ஊரையும் இழுத்திருக்கிறார். கீழவாஞ்சூர் மீனவனுக்கு இந்த ஆராய்ச்சியால் ஒரு காசு பயன் உண்டா, அவனிடம் கிடக்கும் பழைய வலையையும் கயிற்றையும் வாங்கி உருக்கினால் புதுக் கயிறு வந்துவிடும், உருகிய பொருள் பழசையெல்லாம் மறந்துவிடும் என்று முடிக்கிறார்.

ஊர்ப்பெயரைச் சாட்சிக்கு இழுத்த பிறகு ஊர்க்காரன் வாய் மூடி இருக்க முடியாது. நான் கீழவாஞ்சூரில் பிறந்தவன். பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவன். கட்டுரையாளர் சொன்னவற்றில் ஒன்று பாதி உண்மை. மற்றவை தவறு. கடைசியாகச் சொன்னது ஆள் உயிரோடு விளையாடும் தவறு.

பாதி உண்மையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு திரவம் உருகுநிலைக்குக் கீழே குளிர்ந்தவுடன் படிகமாகிவிடாது. முதலில் சில மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்காகச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த சிறு கூட்டத்துக்கு உள்ளே ஆற்றல் லாபம், ஓரத்தில் மேற்பரப்பு நட்டம். கூட்டம் சிறிதாக இருக்கும்வரை நட்டமே மேலோங்கும், கரைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் லாபம் மேலோங்கி, நிற்காமல் வளரும். அந்த அளவை எட்டிய கூட்டம்தான் படிகக் கரு. 1870களில் கிப்ஸ் போட்ட அடித்தளம் இது. 1926இல் வோல்மரும் வெபரும், 1930களில் பெக்கரும் டோரிங்கும் அதைக் கணக்காக வளர்த்தார்கள். இதில் எனக்குச் சண்டையில்லை. நீராவி துளியாவதற்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

ஆனால் வலைக்கும் பெட்டிக்கும் பயன்படும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் நீராவி இல்லையே. தண்ணீரின் மூலக்கூறு மூன்றே அணுக்கள். அது திரும்பி, நகர்ந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பாலிஎத்திலீன் சங்கிலி ஒன்றில் பத்தாயிரம் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்திருப்பது சாதாரணம். நீட்டிப் பிடித்தால் ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் வரும். உருகிய நிலையில் அது நீண்டு கிடப்பதில்லை. கரையில் வாரிப் போட்ட பழைய வலைக்குவியல்போல, நூற்றுக்கணக்கான பிற சங்கிலிகளோடு பின்னிச் சிக்கிக் கிடக்கும். அதிலிருந்து ஒரு பகுதி நேராகிப் பக்கத்துப் பகுதியோடு இணைய வேண்டுமானால், மீதிச் சங்கிலி எங்கே போகும்? அது வேறு எந்த முடிச்சில் மாட்டியிருக்கிறது? ஒரே சங்கிலியின் இன்னொரு பகுதி வேறொரு கருவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீருக்கு இந்தக் கேள்வி எதுவுமே எழாது. கிப்ஸின் கணக்கில் இவற்றுக்கு இடமும் இல்லை.

இந்த வேறுபாட்டை நம்ப எந்தப் பெரிய கருவியும் வேண்டாம். தண்ணீரை மைனஸ் 5 டிகிரியில் உறைய வைத்தாலும் மைனஸ் 30 டிகிரியில் உறைய வைத்தாலும், அந்தப் பனிக்கட்டி உருகுவது பூஜ்ஜியத்தில்தான். எங்கே பிறந்தது என்ற அடையாளம் அதில் இல்லை. பாலிஎத்திலீனோ 120 டிகிரியில் படிகமானால் ஒரு வெப்பநிலையில் உருகும், அதையே வேகமாகக் குளிரவைத்து 90 டிகிரியில் படிகமாக்கினால் அதற்கும் குறைந்த வெப்பநிலையில் உருகத் தொடங்கும். பிறந்த வெப்பம் எவ்வளவு குறைவோ, படிகத் தகடு அவ்வளவு மெல்லியது. மெல்லிய தகடு சீக்கிரம் உருகும். அதாவது பாலிமர் படிகம் தன் பிறப்பைத் தன் உருகுநிலையிலேயே எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தால் கட்டுரையாளர் தண்ணீரை உவமைக்கே எடுத்திருக்க மாட்டார்.

தகடு என்றேனே, அது என்ன தகடு? 1957இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெல்லர், பாலிஎத்திலீனைக் கரைசலிலிருந்து தனிப்படிகமாக வளர்த்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். படிகம் சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள தகடு. சங்கிலியோ அதைப்போல நூறு மடங்கு நீளம். அப்படியிருந்தும் சங்கிலி தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறது என்று எலெக்ட்ரான் சிதறல் காட்டியது. ஒரே ஒரு வழிதான் உண்டு. சங்கிலி மேலும் கீழுமாக மடிந்து மடிந்து போயிருக்க வேண்டும். 10 நானோமீட்டருக்கு ஏறக்குறைய 80 கார்பன் என்று கணக்கு வைத்தால், பத்தாயிரம் கார்பன் சங்கிலி நூற்றுக்கு மேற்பட்ட முறை மடிய வேண்டும். ஆற்றல் கணக்குப்படி பார்த்தால் மடியாமல் முழுதாக நீண்டு நிற்கும் படிகமே மிக உறுதியானது. பிறகு ஏன் மடிகிறது? அந்தத் தடிமனை யார் தீர்மானிக்கிறார்கள்?

இதற்கு அமெரிக்காவின் லாரிட்சனும் ஹாஃப்மனும் 1960இல் ஒரு விடை சொன்னார்கள். எது வேகமாக வளர்கிறதோ அந்தத் தடிமனே வெல்கிறது என்பது அதன் சாரம். பல பத்தாண்டுகள் அதுவே பாடநூல். ஆனால் அன்றே எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா? 1979இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஃபாரடே விவாதக் கூட்டத்தில், 1974இல் நோபல் பரிசு பெற்ற ஃப்ளோரியும் அவர் பக்கத்தாரும் ஒரு பக்கம், ஒழுங்கான மடிப்பை நம்பியவர்கள் மறுபக்கம் நின்று மோதினார்கள். உருகலில் இருக்கும் சிக்கலான சங்கிலி, தகட்டை விட்டு வெளியே வந்ததும் பக்கத்திலேயே மடிந்து நுழைய நேரம் ஏது, எங்கோ ஓர் இடத்தில்தான் நுழையும் என்பது ஃப்ளோரியின் வாதம். 1984இல் சேட்லரும் கில்மரும் மூன்றாவது விடை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இத்தனை பேர், இத்தனை ஆண்டு, இத்தனை சண்டை. நூறாண்டுக்கு முன்பே தீர்ந்த கணக்குக்காக யாராவது இப்படி அடித்துக்கொள்வார்களா?

இனி தூசு. கட்டுரையாளர் எல்லாவற்றையும் தூசின் தலையில் ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார். தொழிற்சாலையில் படிகம் பெரும்பாலும் அந்நியத் துகள்களின் மேல்தான் தொடங்குகிறது என்பது உண்மை. அதை நிரூபித்ததும் அவர் வீண் என்று சொல்லும் அதே வகை ஆராய்ச்சிதான். 1962இல் கார்மியா, பிரைஸ், டர்ன்புல் மூவரும் உருகிய பாலிஎத்திலீனை நுண்ணிய துளிகளாகச் சிதறவிட்டார்கள். தூசுத் துகள்களைவிடத் துளிகளின் எண்ணிக்கை அதிகமானால், பெரும்பாலான துளிகளில் தூசே இருக்காது. மொத்தையாக இருக்கும்போது 120 டிகிரிக்கு அருகிலேயே படிகமாகிவிடும் பொருள், தூசில்லாத துளியில் ஏறக்குறைய 85 டிகிரிவரை படிகமாகாமல் திரவமாகவே நின்றது. தூசு எவ்வளவு உதவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் எந்தத் தூசு? கண்ட தூசும் இந்த வேலையைச் செய்யாது. பாலிப்ராப்பிலீனில் சோடியம் பென்சோயேட் நன்றாக வேலை செய்யும். சார்பிட்டாலிலிருந்து செய்த சில பொருள்களைச் சிறிதளவு சேர்த்தால் படிகக் கருக்கள் எண்ணிறந்து பெருகி, ஒவ்வொரு படிகமும் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போகும். கடைகளில் உள்ளே இருப்பது தெரியும்படி விற்கிற பாலிப்ராப்பிலீன் டப்பாக்கள் இப்படித்தான் வந்தன. ஸ்ட்ராஸ்பூர்க்கில் விட்மனும் லாட்ஸும் 1980களில் காரணத்தைத் தோண்டினார்கள். துகளின் மேற்பரப்பில் அணு வரிசைகளுக்கு இடையே உள்ள இடைவெளி, பாலிமர் சங்கிலிகள் அடுக்கி நிற்கும் இடைவெளியோடு பொருந்தினால் அது நன்றாகக் கருவைப் பிறப்பிக்கும். ஆக, தூசு என்று சொல்வது விடையே ஆகாது. எந்த மேற்பரப்பு, ஏன் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

மீன்பிடித் தொழிலில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரே அச்சில், ஒரே பாலிஎத்திலீனில் வார்த்த மீன் பெட்டிகளில் தாலோசயனின் நீலமோ பச்சையோ கலந்தது கோணிக்கொள்ளும், வேறு நிறப் பெட்டி நேராக நிற்கும். பிளாஸ்டிக் வார்ப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. அந்த நீல நிறமி வெறும் நிறம் மட்டும் கொடுப்பதில்லை, படிகக் கருவையும் பிறப்பிக்கிறது. படிகம் முந்திக்கொண்டு, திசை பார்த்து வளர்வதால் ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கி, பெட்டி வளைந்துபோகிறது. நிறமி மாறினால் பெட்டியின் வடிவமே மாறும்போது, தூசு என்ற ஒற்றைச் சொல்லோடு நகர்ந்துவிட முடியுமா?

கணினி விளையாட்டு என்று கட்டுரையாளர் எழுதிய வரிதான் எனக்கு மிகவும் வலித்தது. அவர் பெயர் சொல்லாவிட்டாலும் அந்த வரி யாரைச் சுடுகிறது என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆம்ஹெர்ஸ்டில் பணியாற்றிவரும் முருகப்பன் முத்துக்குமார், உலகப் பாலிமர் இயற்பியலில் முன்வரிசைப் பெயர். அவரும் லியூவும் 1998இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு, படிகத் தொடக்கம் பற்றிய பேச்சையே மாற்றியது.

அவர்கள் ஏன் கணினிக்குப் போனார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். படிகக் கரு சில நானோமீட்டர் அளவு. எப்போது, எங்கே தோன்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எக்ஸ் கதிர் அதைப் பார்ப்பதற்குள் படிகம் கணிசமாகப் பெருகியிருக்கும். பிறப்பைப் பார்க்க நினைத்தால் கைக்குக் கிடைப்பது பிறந்து வளர்ந்த குழந்தைதான். பிறக்கும் அந்தக் கணத்தைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகப் பின்தொடர கணினியைத் தவிர வேறு வழி அன்று இல்லை.

அவர்கள் பார்த்தது என்ன? ஒரே சங்கிலியில் ஒரு கரு மட்டும் தோன்றவில்லை. பல இடங்களில் சிறு சிறு ஒழுங்குகள் ஒரே நேரத்தில் முளைத்தன. அவற்றை அவர்கள் குழந்தைக் கருக்கள் என்றார்கள். அந்தக் குழந்தைக் கருக்களை இணைத்துக்கொண்டு அதே சங்கிலியின் தளர்ந்த பகுதிகள் தொங்கின. பிறகு ஒவ்வொரு கருவும் அந்தத் தளர்ந்த பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, கடைசியில் கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. தகட்டுத் தடிமனை வேகம் மட்டும் தீர்மானிக்கிறது என்ற லாரிட்சன்–ஹாஃப்மன் நிலைப்பாட்டை முத்துக்குமார் நேருக்கு நேர் கேள்விக்கு உட்படுத்தினார். சங்கிலியின் சுதந்திரம், அதாவது என்ட்ரோபி, இழக்கப்படுவதைச் சரியாகக் கணக்கில் எடுத்தால் மெல்லிய தகடு ஒரு சமநிலையாகவே வர முடியும் என்றார். இதை எல்லாரும் ஏற்கவில்லை. ஏற்காதவர்கள் கணக்கை வைத்து எதிர்த்தார்கள். விளையாட்டு என்று ஒற்றைச் சொல்லில் உதறியவர் நம் கட்டுரையாளர் மட்டும்தான்.

இன்னும் சொல்ல வேண்டும். கியோட்டோவில் காஜியும் இமாயும் 1990களில் பாலியெஸ்டரில், படிகம் தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு அடர்த்தி ஏற்றத்தாழ்வு உருகலில் தோன்றுகிறது என்று சிதறல் அளவீடுகளில் கண்டார்கள். 1998இல் ஆல்ம்ஸ்டெட், மெக்லீஷ், ரயன் முதலியோர் அதற்கு ஒரு கோட்பாடு தந்தார்கள். 2000இல் ஃப்ரைபர்க்கின் ஸ்ட்ரோபல், உருகலிலிருந்து நேராகப் படிகம் வருவதில்லை, நடுவில் அரைகுறை ஒழுங்குள்ள ஒரு நிலை வந்து, அது கெட்டிப்பட்டுத்தான் தகடாகிறது என்றார். அதே காலத்தில், படிகத்துக்கு முன்பே தெரிந்ததாகச் சொன்ன அந்தச் சிதறல், கருவிகளின் நுட்ப வேறுபாடே தவிர வேறில்லை என்று வாங்கும் சியாவும் அளந்து மறுத்தார்கள். என் முடிவைக் கேட்டால், ஸ்ட்ரோபலின் இடைநிலை எல்லாப் பாலிமருக்கும் பொருந்தும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மறுத்தவர்களின் அளவீடு வலுவானது. ஆனால் கேள்வி உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கும் கேள்வியைச் செத்துப்போனது என்று மக்கள் பத்திரிகையில் எழுதுவது வாசகனை ஏமாற்றும் வேலை.

கடைசிக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிலே. உருகினால் மறந்துவிடும் என்பது.

எங்கள் கரையில் கயிற்றை வெட்டினால் முனை பிரியாமலிருக்க லைட்டர் நெருப்பில் காட்டுவார்கள். வெள்ளைப் பாலிப்ராப்பிலீன் கயிறாக இருந்தால் கூர்ந்து பாருங்கள். பிரிகள் சுருங்கி, கருகாமல், முனையில் தெளிந்த சொட்டாகத் திரளும். ஊடே நெருப்பின் வெளிச்சம் தெரியும். நெருப்பை எடுத்ததும் சில நொடிக்கு அப்படியே தெளிவாக நிற்கும். பிறகு ஓரத்திலிருந்து பால் நிறம் ஏறும். உள்ளே படிகம் பிறந்து, கோளம் கோளமாக வளர்ந்து, ஒளியைச் சிதறடிப்பதுதான் அந்தப் பால் நிறம். முனையை மழமழப்பாக்கக் கத்தி முதுகால் சொட்டை உருட்டித் தேய்ப்பார்கள். தேய்த்த பக்கம் முந்திக்கொண்டு வெளுக்கும். அதே பிளாஸ்டிக், அதே சூடு. தேய்த்ததால் சங்கிலிகள் ஒரு திசையில் இழுபட்டன, இழுபட்ட இடத்தில் கரு முதலில் பிறந்தது. உருகிய நிலையில் அதற்கு என்ன நேர்ந்தது என்பது படிகத்தில் பதிந்துவிட்டது.

இதைத்தான் 1960களில் நெதர்லாந்தில் பென்னிங்ஸ், கரைசலைக் கலக்கியபடியே குளிரவைத்துக் கண்டார். நடுவில் நாராக நீண்ட ஒரு படிகம், அதன்மேல் வரிசையாகத் தகடுகள் கோத்து நின்றன. 2007இல் கார்ன்ஃபீல்ட் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். நீண்ட சங்கிலிகள்தான் அந்த நாரில் குவிந்திருக்கும் என்பது அதுவரை பொது நம்பிக்கை. அவர்கள் சங்கிலிகளுக்கு அடையாளம் போட்டுப் பார்த்தபோது, நீண்ட சங்கிலிகள் அங்கே கூடுதலாகக் குவியவில்லை, மற்றச் சங்கிலிகளை அவை இழுத்துச் சேர்க்கின்றன என்று தெரிந்தது. 1979இல் டிஎஸ்எம் நிறுவனத்தில் ஸ்மித்தும் லெம்ஸ்ட்ராவும் மிக நீண்ட பாலிஎத்திலீன் சங்கிலிகளைக் கரைத்து, சிக்கலைக் குறைத்து, இழுத்து நூலாக்கினார்கள். எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலுவான கயிறு அதிலிருந்து வந்தது. இன்று பல கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டி நிறுத்துவது அந்தக் கயிற்றில். படிகத் தொடக்கத்தைப் புரிந்துகொண்டவர்கள் கையில் பாலிஎத்திலீன் அப்படி ஆனது.

சரி, தேய்க்காமல் வெறுமனே உருக்கினால்? அப்போதும் மறதி உடனே வருவதில்லை. 1966இல் பிளன்டல், கெல்லர், கோவாக்ஸ் மூவரும் கவனித்தது இது. கரைசலில் இருந்த பாலிமர் படிகங்களைச் சூடாக்கிக் கரைத்துவிட்டு மீண்டும் குளிரவைத்தால், முந்தைய படிகங்களின் எச்சங்களிலிருந்தே புதுப் படிகங்கள் கிளம்பின. 1993இல் ஸ்ட்ராஸ்பூர்க் குழு பாலிப்ராப்பிலீனில் இதை வெப்பநிலைவாரியாக வகுத்துக் காட்டியது. உருகுநிலைக்குச் சற்றே மேல்வரை சூடாக்கினால் நினைவு மிஞ்சும், இன்னும் மேலே போய்ச் சிறிது நேரம் வைத்திருந்தால்தான் அழியும். அதனால்தான் சோதனைக்கூடங்களில் பாலிப்ராப்பிலீனை 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்ச் சில நிமிடம் வைத்திருந்துவிட்டுத்தான் எந்த அளவீடும் தொடங்குவோம். 2005இல் சஞ்சய் ரஸ்தோகியும் அவருடன் பணியாற்றியவர்களும், மிக நீண்ட பாலிஎத்திலீனை மெதுவாக உருக்கினால் சிக்கலற்ற பகுதியும் சிக்கலான பகுதியுமாக உருகலே பிரிந்து நெடுநேரம் கிடக்கிறது என்று காட்டினார்கள். 2013இல் ரூஃபினா அலமோ குழு, ஒழுங்கற்ற கிளைகள் கொண்ட எத்திலீன் கோபாலிமர்களில், சமநிலை உருகுநிலையைத் தாண்டிய பிறகும் நினைவு மிஞ்சுவதைக் கண்டது. 2014இல் ட்ரெஸ்டனில் லுவோவும் சோமரும் கணினியில் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. சிக்கல் குறைந்த இடத்தில்தான் படிகம் முதலில் பிறக்கிறது. 2016இல் முத்துக்குமார் இந்த நினைவுக்கே ஒரு கோட்பாடு எழுதினார். உருகலுக்கும் படிகத்துக்கும் நடுவே, கலையத் தயங்கும் ஓர் இடைநிலை இருப்பதாக வைத்தால் நினைவு விளங்குகிறது என்பது அதன் சாரம்.

எல்லாப் பாலிமரும் எப்போதும் நினைவு வைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கிளையில்லாத பாலிஎத்திலீன் போதிய சூட்டில் சீக்கிரமே மறந்துவிடும். எது மறக்கும், எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரத்தில் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சி வேண்டும். அதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உருகினால் மறந்துவிடும் என்று சத்தியம் செய்வதை எப்படி ஏற்பது?

இப்போது கட்டுரையாளரின் பழைய வலையை எடுத்துக்கொள்வோம். எங்கள் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் குவியலில் மெல்லிய தங்கூசி வலை இருக்கும், அது நைலான். முறுக்கிய பாலிஎத்திலீன் வலைத்துண்டு இருக்கும். பாலிப்ராப்பிலீன் கயிறு இருக்கும். நைலான் கடல் நீரில் மூழ்கும், மற்ற இரண்டும் மிதக்கும். பாலிஎத்திலீன் 130 டிகிரியை ஒட்டி உருகும், பாலிப்ராப்பிலீன் 165க்கு அருகில், நைலான் 6 என்றால் 220. மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகப் போட்டு, மின்செலவு பார்த்து 190 டிகிரியில் உருக்கினால், நைலான் உருகாமல் துண்டு துண்டாக உள்ளேயே கிடக்கும். மற்ற இரண்டும் உருகினாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. குளிரும்போது ஒவ்வொன்றும் தன் தன் படிகத்தைத் தனித்தனியாக வளர்க்கும். இடையே உள்ள ஓரங்களில் பிடிப்பு இருக்காது. மணல், உப்பு, பெயின்ட், நீல நிறமி ஆகியவற்றில் பொருந்துகிறவை தம் பங்குக்குக் கருவைப் பிறப்பிக்கும்.

இதைவிட மோசமானது வெயில். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த பாலிப்ராப்பிலீனில் சங்கிலிகள் அறுந்து குட்டையாகியிருக்கும். கயிறு அறுபடாமல் தாங்குவது படிகத் தகடுகளால் மட்டும் இல்லை. ஒரு தகட்டில் ஒரு கால், அடுத்த தகட்டில் மறு கால் என்று இரண்டையும் பிடித்து நிற்கும் நீண்ட சங்கிலிகள்தான் சுமையைக் கடத்துகின்றன. குட்டையான சங்கிலி அப்படி இரண்டு தகட்டை எட்டாது. அது வேகமாக, அழகாகப் படிகமாகும், ஆனால் தகடுகளுக்கு நடுவே பாலம் இருக்காது. அந்தக் கயிறு பார்க்கப் பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். சுண்டி இழுத்தால் நீளாமல் பட்டென்று அறும். உருக்கினால் அறுந்த சங்கிலி ஒட்டிக்கொள்ளாது. இந்த ஒன்றுக்கு மறதி என்ற பேச்சே இல்லை.

வடகிழக்குப் பருவத்தில் எங்கள் கடல் எப்படி இருக்கும் என்று கட்டுரையாளருக்குத் தெரியுமா? வெட்டாற்று முகத்துவாரத்தில் அலை உடையும்போது ஒரு ஃபைபர் படகை நிறுத்தி வைத்திருப்பது ஒரே ஒரு நங்கூரக் கயிறு. அது அறுந்தால் படகு கரையிலோ கல்லிலோ போய் மோதும். உள்ளே ஆள் இருப்பார்கள். இந்த ஆராய்ச்சி கீழவாஞ்சூர் மீனவனுக்கு எதற்கு என்று கேட்டவருக்கு விடை அந்தக் கயிற்றில் இருக்கிறது.

பழைய வலையைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கடலில் விடுபட்ட வலை மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கிறது, அது கரைக்கு வந்தாக வேண்டும், திரும்பவும் பொருளாக வேண்டும். பிரித்து, கழுவி, எந்தப் பிளாஸ்டிக் என்று அறிந்து, சங்கிலி எவ்வளவு அறுந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்க பொருளாகச் செய்ய வேண்டும். பெஞ்சும் நடைபாதைக் கல்லும் ஆகலாம். நங்கூரக் கயிறு ஆக வேண்டுமானால் சோதித்துவிட்டு ஆகட்டும். சோதிக்க வழியில்லாமலும் இல்லை. கிண்டியில் 1968 முதல் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கொச்சியில் 1957 முதல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, வலையும் கயிறும் அவர்கள் வேலை. சிறு துண்டு பிளாஸ்டிக்கை, அது வாங்கும், விடும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் வைத்துச் சூடாக்கிக் குளிரவைத்தால், எத்தனை வகை கலந்திருக்கிறது, எந்த வெப்பநிலையில் படிகம் பிறக்கிறது என்று ஒரு மணி நேரத்துக்குள் வரைபடம் வந்துவிடும். அந்த வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் அர்த்தம் சொல்வது, கட்டுரையாளர் வீண் என்று எழுதிய அந்த ஆராய்ச்சிதான்.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்கிறேன். உருகினால் மறந்துவிடும் என்ற வரியை அடுத்த இதழில் திரும்பப் பெறுங்கள். அதை நம்பி ஒருவர் கயிறு திரித்து விற்று, இன்னொருவர் அதை நம்பிக் கடலுக்குப் போவதற்கு முன் செய்யுங்கள்.

நாகூர், திருமலைராயன்பட்டினம், காரைக்கால் கரைகளில் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மறுசுழற்சிக் கயிறு என்று யாராவது விலை குறைத்துக் கொண்டுவந்தால், எந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து செய்தது என்று கேளுங்கள், அறுபடும் எடை எவ்வளவு என்று சோதனைச் சீட்டு கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கயிற்றைத் துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள், நங்கூரத்தில் கட்டாதீர்கள்.